நாடாவின் மறுபக்கம்

நான் ஓய்வுபெற்று ஆறு வருடமாகிறது. முன்பு என்னோடு வேலை செய்த இளம்பெண்கள் இருவர் போன மாதம் வுப்பர்டாலுக்கு வந்து, என் கையால் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வானொலி நிலையத்தில் இப்போது அவர்கள் குரலைக் கணினித் திரையில் அலையாகப் பார்த்து வெட்டுகிறார்கள். நாங்கள் காதால் கேட்டுக் கத்தரிக்கோலால் வெட்டினோம் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரியாத ஒன்றைத்தான் கேட்டார்கள். ஜன்னல் இல்லாத அந்த அறைகளில், நாள் முழுக்க ஆளில்லாத குரல்களோடு தனியே இருந்து எப்போதாவது பயந்தீர்களா?

ஒரு தடவை என்றேன். அதைச் சொல்லி முடிக்கச் சோறு ஆறிவிட்டது. சொன்னதையே எழுதியும் வைக்கிறேன். இதில் வருபவர்கள் அனேகமாக எல்லோரும் ஜெர்மன் மொழியில்தான் கதைத்தார்கள். நான் அவர்களை எங்கள் தமிழில் கதைக்க விட்டிருக்கிறேன். என் ஞாபகத்தில் அவர்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள்.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தேன். கணவர் முதலே வந்திருந்தார். மூன்று வயது மகள் ஜெனியை அக்காவிடம் விட்டுவிட்டு வந்தேன். சில மாதத்தில் கூப்பிட்டுவிடலாம் என்றார்கள். நாலு வருடம் பிடித்தது. அந்த நாலு வருடமும் பக்கத்து நகரத்து வானொலி நிலையத்தில் நிலம் துடைத்தேன். ஒலிநாடா வெட்டும் அறைகளின் தரையில் பழுப்பு நிறத் துண்டுகள் கிடக்கும். அவற்றைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. பொறுக்கி, நீளப்படி அடுக்கி, மேசையில் வைத்துவிட்டுப் போவேன்.

அந்தப் பிரிவின் தலைவி ஃபிராவ் கெஸ்லர் அதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் என்னை உட்காரவைத்து ஒரு மனிதர் பேசும் நாடாவை ஓடவிட்டார். "வசனம் முடியிற இடத்தில கையைத் தூக்குங்கோ" என்றார். எனக்கு அப்போது ஜெர்மன் கால்வாசிதான் விளங்கும். ஆனால் குரல் எங்கே இறங்கி உட்காருகிறது என்பதற்கு மொழி தேவையில்லை. பத்தில் ஒன்பது சரி. அதற்குப் பிறகு அவரே எனக்காக விண்ணப்பம் எழுதினார், பயிற்சி, பரீட்சை எல்லாம் நடந்தன. அந்த வருடங்களில் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. படித்தேன், களைத்தேன், தேறினேன்.

ஃபிராவ் கெஸ்லரைப் பற்றிச் சொல்ல இருக்கிறது. நடைபாதையில் சத்தம் வரக்கூடாதென்று கம்பளிச் செருப்புப் போட்டு நடப்பார். அதனால் அவர் வாசலில் வந்து நிற்பது ஒருவருக்கும் தெரியாது. ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. ஒட்டு சரியில்லாவிட்டால், கத்தரிக்கோலை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அவ்வளவுதான், நாங்கள் கழற்றித் திரும்ப ஒட்டுவோம். மெழுகுப் பென்சிலால் குறி போட்டு, நாடாவைச் சரிவாக வெட்டி, இரண்டு முனையையும் முட்டவைத்து ஒட்ட வேண்டும். வெட்டி எடுத்த எந்தத் துண்டையும் நிகழ்ச்சி ஒலிபரப்பாகும்வரை எறியக்கூடாது. பெயர் எழுதிச் சுவரில் ஒட்டி வைக்க வேண்டும். சில நாள் என் முன்னால் சுவர் முழுக்க இருமல்களும் தடுமாற்றங்களும் தொங்கும்.

இறந்தவர்களின் குரலை வெட்டுவதும் எங்களுக்குச் சாதாரணம்தான். முதல் வருடத்தில், காலமான ஒரு நடிகையின் பழைய பேட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு தடவை வாய் திறக்கும் முன்னரும், அதே சொல் மிக மெல்லியதாக ஒரு தரம் கேட்டது. சொல் வருவதற்கு முன்னமே அதன் நிழல் வந்தது. எழுந்து வெளியே போய்விட்டேன். ஃபிராவ் கெஸ்லர் என்னைத் திரும்பக் கூட்டிவந்தார்.

"நாடா வருஷக்கணக்காய்ச் சுருண்டு கிடக்கேக்கை, ஒரு சுத்தில இருக்கிற சத்தம் பக்கத்துச் சுத்தில ஒட்டிக்கொள்ளும். இஞ்சை நீங்கள் கேக்கிற எதுக்கும் ஒரு காரணம் இருக்கும். முதல் அதைத் தேடுங்கோ. பயப்பிடுறதெண்டா பிறகு பயப்பிடலாம்."

தொண்ணூறுகளின் நடுவில் யூடித் எங்கள் நிலையத்துக்கு வந்தார். தாய் ஜெர்மன், தகப்பன் கானா நாட்டவர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் ஒரு மணித்தியாலம், ஜெர்மனியில் வாழும் கறுப்பினக் கலைஞர்களோடு உரையாடல். ராப் பாடுபவர்கள், இசைத்தட்டுச் சுழற்றுபவர்கள், சுவரில் எழுதுபவர்கள், சிறு பத்திரிகை நடத்துபவர்கள். நிகழ்ச்சி ஆசிரியர் நிறைய இசையும் கொஞ்சம் பேச்சும் கேட்டார். யூடித் நிறையப் பேச்சும் கொஞ்சம் இசையும் கொண்டுவந்தார். வெட்டும் வேலை எனக்கு வந்தது.

பக்கத்து ஊர்களில் வெளிநாட்டவர் இருந்த வீடுகள் எரிந்த காலம் அது. நாங்களும் இரவில் வாசல் கதவை இரண்டு தரம் பார்த்துப் பூட்டினோம். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: எங்கள் ஆட்கள் கறுப்பினத்தவரைக் குறிக்கச் சொல்லும் சொல் நல்ல சொல் இல்லை. நானும் அதைச் சொல்லித்தான் வளர்ந்தேன். யூடித்தின் விருந்தினர்களை ஒரு வருடம் காதுக்குள் வைத்திருந்த பிறகு, அந்தச் சொல் என் வாயில் வர மறுத்தது.

நகல் இயந்திரத்தில் பத்திரிகை அடிக்கும் ஒரு பெண் சொன்னார்: "செய்தியில எங்களைக் காட்டினா, ஒண்டில் அடி வாங்கியிருப்பம், இல்லாட்டி ஆடிக்கொண்டிருப்பம். இருந்து யோசிக்கிற எங்களை ஒருத்தரும் படம் பிடிக்கிறேல்லை." கிழக்கு ஜெர்மனியில் வளர்ந்த ஒரு நடனக்காரர், சுவர் இருந்த காலத்தில் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சியை அயலுக்குக் கேட்காமல் சத்தத்தைக் குறைத்து வைத்து, இசையே இல்லாமல் ஆடப் பழகினாராம். "பிறகு இசையைக் கேட்டனீங்களோ?" என்று யூடித் கேட்க, "கேட்டன். நான் நினைச்சிருந்ததை விட மெதுவாய் இருந்தது" என்றார். இவற்றையெல்லாம் வெட்டும்போது பல தடவை கத்தரிக்கோலை வைத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறேன்.

ரால்ஃப் வந்தது இரண்டாவது வருடத்தில். முப்பது வயது தாண்டிய, உயரமான, மெதுவாகப் பேசும் மனிதர். வுப்பர்டாலில் ஒரு கம்பளக் கடையில் வேலை, மற்ற நேரத்தில் ராப். ஜெர்மன் மொழியிலேயே எழுதிப் பாடுவார். தகப்பன் அமெரிக்கக் கறுப்புப் படைவீரன், தாய் எர்லாங்கன் பக்கத்துப் பெண் என்று மட்டும் அவருக்குத் தெரியும். குழந்தைகள் இல்லத்திலும் பிறகு வளர்ப்புப் பெற்றோரிடமும் வளர்ந்தவர்.

யூடித் அவரிடம், பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு எடுத்துப் பாட்டுச் செய்வது ஏன் என்று கேட்டார். அவருடைய பதிலில் நான் ஒரு சொல்லையும் வெட்டவில்லை.

"மற்ற ஆக்களிட்டைக் குடும்பப் படங்கள் இருக்கு. இது அப்பான்ரை மூக்கு, இது அவரின்ரை தேப்பன்ரை காது எண்டு காட்டுவினம். என்னட்டை இருக்கிறது இசைத்தட்டுகள். எங்கையாவது ஒரு தாளம் எனக்கு முன்னமே தெரிஞ்ச மாதிரி இருந்தா, அதை எடுத்து வைச்சுக்கொள்ளுவன். சொந்தக்காரரைத் தேடுற மாதிரித்தான்."

பிறகு ஒரு நாடாவைப் பற்றிச் சொன்னார். முந்தின வருடம் எர்லாங்கனிலிருந்து அவருக்கு ஒரு பொதி வந்தது. அனுப்பியவரின் குடும்பப் பெயர், அவருடைய கோப்பில் இருந்த தாயின் குடும்பப் பெயர்தான். கடிதம் இல்லை. உள்ளே வீட்டுப் பதிவுக் கருவிக்குரிய ஒரு சிறிய நாடாச் சுருள் மட்டும். திருப்பி எழுதினார், பதில் வரவில்லை. நாடாவை ஒரு நண்பர் ஒலிப்பேழைக்கு மாற்றிக் கொடுத்தார். அமெரிக்கப் படையினருக்கான வானொலியில் போன பாட்டுகளை யாரோ ஒலிவாங்கி வைத்துப் பதிந்திருந்தார்கள். ஓரிடத்தில், வானொலிக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு ஆண் பாட்டோடு சேர்ந்து முனகுகிறார். அந்த முனகலை எடுத்துத்தான் ரால்ஃப் தன் பாட்டைச் செய்திருந்தார். இளைஞர் மத்தியில் ஓரளவு பேசப்பட்ட பாட்டு.

"அவர் உங்கடை அப்பாவோ?"

"இருக்கலாம். வானொலிப் பெட்டி திருத்த வந்த ஆளாயும் இருக்கலாம். ஒரு வருஷமாய் அவரோடை சேர்ந்து பாடுறன். எனக்கு அவரைப் பிடிக்கும்."

நல்ல தரத்தில் ஒலிபரப்ப வேண்டும் என்பதற்காக ரால்ஃப் அந்த மூல நாடாவையே எங்களிடம் தந்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் வேலையைத் தொடங்கினேன். ஒரு இயந்திரத்தில் பேட்டி. வீட்டு நாடாவின் மெதுவான வேகத்துக்கு ஓடக்கூடிய பழைய இயந்திரத்தில் ரால்ஃபின் சுருள். முனகல் வரும் இடம் இருபத்தைந்தாவது நிமிடம். அதை மெதுவாகப் பேச்சின் அடியில் கொண்டுவர வேண்டும். பேச்சில் அந்த இடத்தில் ரால்ஃப் சொல்கிறார்: "அம்மா என்னைப் பாக்கவே மாட்டன் எண்டு சொன்னவவாம். பிறந்த அண்டைக்கே கையெழுத்து வைச்சுக் குடுத்திட்டா. கோப்பில அப்பிடித்தான் கிடக்கு."

அவர் நிறுத்தினார். முனகல் எழுந்தது. அதற்குக் கீழிருந்து ஒரு பெண் சொன்னாள்: "ஃபால்ஷ்."

ஜெர்மனில் அதற்குப் பிழை என்று பொருள்.

இயந்திரங்களை நிறுத்தினேன். யூடித் சொல்லியிருப்பார் என்று நினைத்துப் பேட்டியைத் தனியே ஓடவிட்டேன். இல்லை. ரால்ஃபின் நாடாவைத் தனியே ஓடவிட்டேன். ஆண் முனகினார். அவருக்குப் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பவள் போல, பெண் சொன்னாள்: "ஃபால்ஷ்... ஃபால்ஷ்... ஃபால்ஷ்." கோபம் இல்லை. மிகவும் ஆறுதலாகச் சொன்னாள். நடுவில் ஒரு குழந்தையின் சத்தம். அது ஒன்றுமில்லாததிலிருந்து வளர்ந்து வளர்ந்து உச்சத்துக்கு வந்து, வாயைப் பொத்தினது போலச் சட்டென்று நின்றது. அப்படி எந்தக் குழந்தையும் அழுவதில்லை.

என் கைமயிர் எழுந்து நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஃபிராவ் கெஸ்லர் நின்றார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"இன்னொருக்கால் போடுங்கோ" என்றார். கேட்டார். பிறகு நாடாவின் அகலத்தை விரலால் காட்டினார். "வீட்டு மெஷின் நாடாவின்ரை பாதி அகலத்தில பதியும். சுருளைத் திருப்பிப் போட்டா மற்றப் பாதியில பதியும். எங்கடை மெஷின் முழு அகலத்தையும் ஒரேயடியாய் வாசிக்குது. நீங்கள் கேக்கிறது மறுபக்கம். அது பின்னிலையிருந்து முன்னுக்கு ஓடுது."

"ரால்ஃபின்ரை நண்பர் மறுபக்கம் வெறுமை எண்டு சொன்னவராம்."

"தொடக்கம் வெறுமையாய் இருந்திருக்கும். ஆள் பொறுமையில்லாமல் நிப்பாட்டியிருப்பார்."

அப்போது நிகழ்ச்சி ஆசிரியரும் வந்து கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. "இதை இப்பிடியே விடுங்கோ. ஆள் தாயைப் பற்றிச் சொல்ல, பின்னாலை ஒரு குரல் பிழை பிழை எண்டுது. இதைவிட என்ன வேணும்?"

"அவர் எங்களிட்டைத் தந்தது ஒரு பக்கம்" என்றார் ஃபிராவ் கெஸ்லர். "மறுபக்கத்தைக் கேக்கிறதெண்டா முதல் அவர் கேக்கவேணும். அதுவரை அந்த நாடா பெட்டிக்குள்ள இருக்கட்டும்." அவர் இழுத்துக்கொள்ள ஆசிரியரிடம் கத்தரிக்கோல் இல்லை. ஆனாலும் ஆசிரியர் திரும்பிப் போய்விட்டார்.

இருவரும் போன பிறகு நான் செய்ததுதான் இதில் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய காரியம். காரணத்தைத் தேடு என்றுதானே பழக்கியிருந்தார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அகலத்தை மட்டும் வாசிக்கும் ஒரு பழைய வீட்டுக் கருவியைத் தேடி எடுத்து, சுருளைத் திருப்பிப் போட்டேன்.

பத்து நிமிடம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு அறை. மணிக்கூட்டின் டிக் டிக். கிறீச், கிறீச் என்று ஒரே அளவான சத்தம். ஒரு இளம்பெண்ணின் குரல், இப்போது நேராக, வாய்க்குப் பக்கத்தில்: "ஷ்லாஃப், ரால்ஃபி. ஷ்லாஃப்... ஷ்லாஃப்."

ஷ்லாஃப் என்றால் நித்திரை கொள். அந்தச் சொல்லைப் பின்னிலிருந்து ஓடவிட்டால் ஃபால்ஷ் என்று கேட்கும். குழந்தை சட்டென்று வீரிட்டு, மெதுவாகத் தேய்ந்து அடங்கியது. "இண்டைக்கு உனக்கு நாலு மாசம்" என்றாள் அவள். பிறகு ஏதோ முனகினாள். மறுபக்கத்தில் அந்த ஆண் முனகிய அதே பாட்டு. பத்து, பன்னிரண்டு நிமிடம் இப்படியே. கடைசியில் வாசல் மணி அடித்தது. நான் நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு என்ன வரும் என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

பிறந்த அன்றே கொடுத்துவிட்டாள், பார்க்கவே மறுத்தாள் என்று முப்பது வருடமாக ஒருவர் நம்பியிருக்கிறார். அது பொய் என்பது அவருக்கு முன்னமே எனக்குத் தெரிந்துவிட்டது.

அன்று பின்னேரம் தொங்குரயிலில் வரும்போது என் தலைக்குள் அந்தக் கிறீச் சத்தம் ஓடிக்கொண்டேயிருந்தது. ஜெனிக்கு அப்போது பதின்மூன்று வயது. குசினி மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தாள்.

"ஜெனி, உன்னைப் பெரியம்மாவிட்டை விட்டுட்டு வந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கே?"

"இல்லை." எழுதிக்கொண்டே சொன்னாள். "நீங்கள் திரும்பிப் பாக்காமல் போனனீங்கள் எண்டு பெரியம்மா சொன்னவ."

"திரும்பிப் பாத்திருந்தா பஸ்ஸால இறங்கியிருப்பன்."

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நம்பினாளா, இரங்கினாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பஸ்ஸுக்குள் நான் இருந்த விதத்தை ஒருவரும் பதிந்து வைக்கவில்லை. அவளுக்குப் போட்டுக் காட்ட என்னிடம் ஒன்றுமில்லை.

காலையில் ஃபிராவ் கெஸ்லரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தினை நிமிஷம் கேட்டனீங்கள்?"

"வாசல் மணி அடிக்கும் வரைக்கும்."

"அப்ப அதையும் அவருக்குச் சொல்லவேணும். முதல் அதைச் சொல்லிப்போட்டு, பிறகுதான் நாடாவைப் பற்றிச் சொல்லவேணும். இண்டைக்கே கூப்பிடுங்கோ."

வெட்டுபவர்கள் விருந்தினரோடு பேசுவதில்லை. நாங்கள் அவர்களை அறிவோம், அவர்கள் எங்களை அறியார். அன்று ரால்ஃபைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நான் யார் என்று சொல்லி, அவரிடம் கேட்காமல் மறுபக்கத்தைக் கேட்டுவிட்டேன், அதில் ஒரு பெண்குரல் இருக்கிறது என்று சொன்னேன். "அது ஆர்?" என்று கேட்டார்.

"நீங்கள் வந்து கேட்டாத்தான் நல்லது. உங்கடை பேர் சொல்லுறா."

கடையை விட்டு நேரே வந்தார். யூடித்தும் கூட வந்தார். நாலடி அறைக்குள் மூன்று கதிரை. நாடாவைப் போட்டேன். பத்து நிமிட வெறுமையை விரைவாக ஓட்டலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

அவள் பேசத் தொடங்கியதும் ரால்ஃப் கையை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் இருந்தார். நாலு மாதம் என்று அவள் சொன்னபோது யூடித் அவரைப் பார்த்தார். அவர் யூடித்தைப் பார்க்கவில்லை. என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார்.

"அது என்ன கிறீச்செண்டு கேக்குது?"

"பிள்ளையின்ரை தள்ளுவண்டி. காலால ஆட்டுறா. ஒரே அளவாய்க் கேக்குது, கை வேறை ஏதோ வேலை செய்யுது. தையலாய் இருக்கும்." பிள்ளை பெற்றவளுக்கு அது தெரியும்.

வாசல் மணி அடித்தது. ஒரு ஆணின் குரல், தூரத்தில், என்ன சொல்கிறது என்று விளங்கவில்லை. அவள் "ஓம், ஓம்" என்றாள். பிறகு வாசலடியில் இருவரும் ஏதோ பேசியதும் விளங்கவில்லை. சீலை உரசும் சத்தம், வண்டிச் சில்லு, கதவு சாத்தியது. பூட்டுக்குள் திறப்புத் திரும்பியது.

நாடா நிற்கவில்லை. பதிவுக் கருவியை ஒருவரும் நிறுத்தாமல் போயிருந்தார்கள். மணிக்கூடு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

"நிப்பாட்டட்டோ?" என்றேன்.

"இல்லை. விடுங்கோ."

ஆளில்லாத அறை எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. பார்க்க ஒருவர் உள்ளே போனதும் அது ஆளில்லாத அறையாக இராது. நாங்கள் இருபது நிமிடம் அப்படியொரு அறைக்குள் இருந்தோம். மணிக்கூடு. எங்கோ ஒரு குழாயில் தண்ணீர் சொட்டியது. வெளியே கனரக வாகனம் ஒன்று போக, கண்ணாடிப் பாத்திரங்கள் மெல்ல நடுங்கி அடங்கின. ஒரு தடவை மரத்தளம் முறிவது போலச் சத்தமிட்டது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் கதவுப் பக்கம் பார்த்தோம். எங்கள் அறையின் கதவு. நடுவில் ஃபிராவ் கெஸ்லர் உள்ளே வந்திருந்தார். அறை நேரம் முடிந்துவிட்டது என்று சொல்ல வந்தவர், சொல்லாமல் சுவரில் சாய்ந்து நின்றார். நாடாவின் முனை சுருளை விட்டுக் கழன்று படபடவென்று அடித்தபோதுதான் நாங்கள் மூச்சு விட்டோம்.

"ஏன் நிப்பாட்டேல்லை?" என்றார் ரால்ஃப்.

தாயின் குரலை ஒலிபரப்ப அவர் சம்மதிக்கவில்லை. ஆனால் கோப்பைப் பற்றித் தான் பேசிய இடத்துக்குப் பிறகு அந்த வெறும் அறையை நாற்பது விநாடி போடச் சொன்னார். ஆசிரியர் தலையில் கை வைத்தார். நிலையத்தில் ஒரு கருவி உண்டு; சில விநாடி ஒலி இல்லாவிட்டால் கோளாறு என்று நினைத்து, தானாகவே இசையைத் தொடங்கிவிடும். ஃபிராவ் கெஸ்லர் மணிக்கூட்டின் அடியை அளந்து பார்த்து, "இது மௌனம் இல்லை. போகலாம்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்கு வேலை இல்லை. ஆனாலும் வந்து, கருவிக்குப் பக்கத்தில் நின்றார்.

நிகழ்ச்சி போனதும் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. சிலர் உங்கள் ஒலிபரப்புக் கருவி பழுதோ என்று கேட்டார்கள். ஒருவர் அந்த அறைக்குள் யாரோ இருந்ததைத் தான் உணர்ந்ததாகச் சொன்னார். மூன்று, நாலு பெண்கள், வயதான குரல்கள், வணக்கம் சொல்லிவிட்டு மேலே சொல்ல முடியாமல் வைத்துவிட்டார்கள். யூடித் ஒரு தொலைபேசியில், நான் மற்றதில்.

அப்போது என் தொலைபேசியில் ஒரு கிழவர் வந்தார். எர்லாங்கன் பக்கத்து உச்சரிப்பு. இந்த நிகழ்ச்சி போவதை ரால்ஃப் அவருக்கு எழுதியிருந்தாராம். இந்தப் பக்கத்தில் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்து கேட்டதாகச் சொன்னார். நாடாவைக் கையாண்டவரோடு பேச வேண்டும் என்றார். நான்தான் என்றேன்.

"அந்த வாசல் மணியை அடிச்சது நான்."

வாசல் மணியை நாங்கள் ஒலிபரப்பவே இல்லை. அந்த அறையின் மணிக்கூட்டைக் கேட்டதுமே அவருக்கு மற்றதெல்லாம் காதில் விழுந்திருக்கிறது. மேலே கேட்க எனக்கு நேரம் தரவில்லை. எழுதி வைத்ததை வாசிப்பது போல, மூச்செடுக்காமல் சொல்லிக்கொண்டு போனார். அவர் அவளுடைய அண்ணன்; அவள் இறந்த பிறகு அந்தப் பொதியை அனுப்பியதும் அவர்தான். பிள்ளையின் தகப்பனை வேறு நாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். வீட்டில் அந்தப் பிள்ளையை வைத்திருக்க ஒருவரும் விடவில்லை. அவளிடம், அலுவலகத்தில் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்து வைத்தால் உதவி கிடைக்கும், பிள்ளையையும் கொண்டுவா, ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடலாம் என்று அவர் சொன்னார்.

"அது பொய்யோ?" என்றேன்.

"ஓம். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது."

"மெஷினை ஏன் நிப்பாட்டேல்லை?"

கொஞ்ச நேரம் அவர் மூச்சு மட்டும் கேட்டது. "நிப்பாட்டச் சொன்னனான். அவள் மாட்டன் எண்டிட்டாள். அதிலை பதிஞ்சு பிள்ளையின்ரை தேப்பனுக்கு அனுப்பிறவள். பிள்ளையோடை திரும்பி உள்ள வாற சத்தமும் விழவேணும், ஓடட்டும் எண்டாள்."

அவள் தனியே திரும்பி வந்தபோது நாடா முடிந்திருந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

அவர் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தாளில் எழுதி, மறுநாள் ரால்ஃபிடம் கொடுத்தேன். இரண்டு தரம் வாசித்தார். "என்ன குரலிலை சொன்னவர்?" என்றார். "ஒரு இடத்திலை மட்டும் கதையாமல் நிண்டார்" என்று சொல்லி, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன்.

எர்லாங்கனுக்குப் போவீர்களா என்று கேட்டேன். "போவன்" என்றார். பிறகு ஒரு மாதம் கழித்துப் போனார். மாமனோடு ஒரு மணித்தியாலம் இருந்து, தகப்பனின் முதற்பெயரை மட்டும் கொண்டுவந்தார். அதைத் தேடி அவர் அலைந்தது வேறு கதை. ஆனால் நிகழ்ச்சி போன அதே வாரம் அவர் திரும்ப எங்களிடம் வந்தது வேறொரு காரியத்துக்கு. கையில் நாடா இருந்தது. அறை முடியும் இடத்தில் கொஞ்சம் புது நாடா ஒட்ட முடியுமா என்று கேட்டார்.

விருந்தினரின் நாடாவில் கத்தரிக்கோல் வைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். ஃபிராவ் கெஸ்லர் அவரிடமிருந்து சுருளை வாங்கி, விளக்குக்கு அடியில் பிடித்து, பழைய முனையின் கசங்கிய பகுதியை நீவி, ஐந்து நிமிடம் ஓடக்கூடிய புது நாடாவைத் தன் கையாலேயே ஒட்டினார். ஒட்டின இடத்தை நகத்தால் மூன்று தரம் தேய்த்தார். சிறிய ஒலிப்பதிவு அறையில் மேசைமேல் ஒலிவாங்கியை வைத்தோம். ஃபிராவ் கெஸ்லரும் நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தோம். யூடித் எங்களுக்குப் பின்னால். சிவப்பு விளக்கு எரிந்தது. அறை வெறுமையாக இருந்தது. ரால்ஃப் வெளியே நடைபாதையில் நின்றார்.

நாடா ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு கைப்பிடி திரும்பியது. கதவு திறந்து மூடிய சத்தம். ஐந்து காலடிச் சத்தம். மேலங்கியைக் கதிரையில் போட்டார். உட்கார்ந்தார். வேலை முடிந்து வருபவர்கள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொல்லும் குரலில், "வந்திட்டன்" என்றார்.

நாடாவில் இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. ஃபிராவ் கெஸ்லர் அதை நிறுத்தவில்லை.